நான் செத்தபோது தியேட்டரே எழுந்து நின்றது

சம்பந்தி எழுந்து நின்றார்.

எங்கே நின்றார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சித்தூரில் எங்கள் பழைய மிஷன் கோயிலில், ஆண்கள் பக்கம், ஜன்னலோர பெஞ்சில். ஞாயிற்றுக்கிழமைக் காலை ஆராதனை. ஐயர் அப்போதுதான் என் மகள் எப்சியின் கலியாண ஓலையை வாசித்து முடித்திருந்தார். எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம்.

ஓலை என்பது இப்போது வெறும் தாள்தான். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கலியாணம் நிச்சயமாகியிருக்கிறது என்று மூன்று ஞாயிறு அடுத்தடுத்து சபை முன்னால் வாசிப்பார்கள். வாசித்ததும், இந்தக் கலியாணம் நடக்கக் கூடாது என்பதற்கு யாருக்காவது காரணம் தெரிந்தால் இப்போதே சொல்லலாம் என்று ஐயர் கேட்பார். கேட்ட கையோடு அடுத்த பாட்டின் நம்பரையும் சொல்லிவிடுவார். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. அந்தக் கேள்விக்கு ஒருவர் எழுந்து நின்று நான் பார்த்ததே கிடையாது.

அன்றைக்கு எழுந்தவர் மாப்பிள்ளையைப் பெற்ற அப்பா. பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற தேவசகாயம். ரேணிகுண்டாக்காரர். அவர் கோயில் அங்கே இருக்கிறது, அங்கேயும் அதே ஓலையை வாசிக்கிறார்கள். அதை விட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் முதல் பஸ்ஸைப் பிடித்து எங்கள் கோயிலுக்கு வந்து உட்கார்ந்திருந்தார்.

அது மூன்றாவது ஓலை. எதற்கு எழுந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி சுகிர்தம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும்போல் இருக்கிறது.

போன வார அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "ரிட்டயர் ஆன பிறகு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டு எழுதியிருந்தார். செத்தேன் ஐயா. சினிமாவில் செத்தேன். அதனால் வந்த வினைதான் இந்த அத்தியாயம்.

சில்லறை கேட்ட முகம்

முப்பது வருஷத்துக்கு மேல் சித்தூர் - திருப்பதி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். அத்தனை வருஷமும் சில்லறை இல்லாதவர்களை முறைத்து முறைத்து என் முகம் அப்படியே நின்றுவிட்டது. சும்மா உட்கார்ந்திருந்தாலும் யாரையோ திட்டப் போகிறவன் மாதிரி இருப்பேன். கலியாண போட்டோக்களில் என்னை ஓரமாக நிற்க வைப்பார்கள்.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ரமணா என்ற ஒருவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சினிமாக் கம்பெனிக்கு உள்ளூரில் ஆள் பிடித்துக் கொடுக்கிறவன். கிட்டே வந்து, தெலுங்கில், "மிம்மல்னி சூஸ்தேனே கோபம் ஒஸ்துந்தி அன்னா!" என்றான். உங்களைப் பார்த்தாலே கோபம் வருது அண்ணா என்று அர்த்தம். பாராட்டாகத்தான் சொன்னான். என்னைப் பாராட்டி யாரும் எதுவும் சொல்லி ரொம்ப நாளாகியிருந்தது. விழுந்துவிட்டேன்.

யுத்தப் படம். எல்லையில் ஒரு மலை. அதை எதிரி பிடித்துக்கொள்கிறான். மீட்கப் போக நம் மேஜர் அனுமதி கேட்கிறார். டில்லியில் இருக்கும் மந்திரியோ, தேர்தல் முடியட்டும் என்று போனை வைத்துவிடுகிறார். மேஜர் உத்தரவை மீறி மலை ஏறுகிறார். மலைமேல் இருக்கும் எதிரி ஆபீசர்தான் நான்.

எனக்கு இரண்டே காட்சி. செத்துப்போன நம் சிப்பாய் ஒருவனின் பையில் அவன் மனைவி எழுதிய கடிதம் இருக்கும். அதை எடுத்து, படிக்காமலேயே கிழித்துக் காற்றில் விட வேண்டும். இரண்டாவது காட்சியில் சாக வேண்டும். அவ்வளவுதான்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. நான் சபைக் கமிட்டி மெம்பர். அந்த வருஷம்தான், ஈஸ்டருக்கு முந்தின லெந்து உபவாச நாட்களில் வாலிபப் பிள்ளைகள் சினிமாவுக்குப் போகக் கூடாது என்று மைக் முன்னால் நின்று கால் மணி நேரம் பேசியிருந்தேன். இப்போது நானே நடிக்கப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? சுகிர்தத்திடம், திருப்பதியில் கண் பரிசோதனை, நாலு நாள் போய்வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன். முதல் நாள் மத்தியானத்துக்குச் சோறுகூடக் கட்டிக் கொடுத்தாள், பாவம்.

வெடி முந்திக்கொண்டது

குடிபாலா தாண்டி ஒரு கல் குவாரியில் ஷூட்டிங். மண்டையைப் பிளக்கும் வெயில். எனக்குக் கழுத்துவரை கம்பளிக் கோட்டு. பாறை முழுக்க ஏதோ வெள்ளைப் பொடியைக் கொட்டி, அதுதான் பனி என்றார்கள். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு அம்மா நின்று பார்த்துவிட்டு, "இன்னாத்துக்குப்பா மலைக்குப் போயி சுண்ணாம்பு அடிக்கறீங்க?" என்று கேட்டாள்.

கடிதம் கிழிக்கும் காட்சி ஒரே டேக்கில் ஓகே. முப்பது வருஷம் டிக்கெட் கிழித்த கை. டைரக்டர் கையெடுத்துக் கும்பிட்டார்.

சாகிற காட்சிக்கு மண்ணுக்குள் வெடி வைத்திருந்தார்கள். ரமணா மூன்று எண்ணுவான், மூன்றில் வெடிக்கும், நான் பல்லைக் கடித்துக்கொண்டு, முறைத்தபடியே சத்தமில்லாமல் விழ வேண்டும். ஒன்று என்றான். இரண்டு என்றான். அதற்குள் வெடி முந்திக்கொண்டது. காலடியில் மண் அப்படியே எழும்பி என் முகத்தில் அடித்தது. நான் உண்மையாகவே செத்தேன் என்று நினைத்தேன்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். கல் தடுக்கினாலும், கரண்ட் அடித்தாலும், பஸ் பிரேக் போட்டாலும் வாயில் முதலில் வருவது ஒன்றுதான். எதிரி நாட்டு ராணுவ ஆபீசர், தொப்பியில் அவர்கள் சின்னத்தோடு, ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு "இயேசப்பா!" என்று அலறியபடி விழுந்தார்.

"ஓகே! இதே போதும்!" என்று டைரக்டர் குதித்தார். அவருக்குத் தமிழும் தெரியாது, எங்கள் பழக்கமும் தெரியாது. "சார், இன்னொரு டேக் எடுக்கலாம் சார்" என்று நான் தெலுங்கில் கெஞ்சினேன். "நிஜம் மாதிரி இருக்கு, இனிமேல் உங்களால் இப்படிச் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டார். அதுவும் உண்மைதான்.

ரெண்டு கட்சிக்கும் பொது எதிரி

சில மாதம் கழித்து, எப்சிக்கு முதல் ஓலை வாசிப்பதற்கு இரண்டு நாள் முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை படம் வந்தது. வேறு வெள்ளிக்கிழமையே கிடைக்கவில்லை போலிருக்கிறது.

மறுநாள் காலை ஆட்டத்துக்கு, குல்லாவும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு சித்தூர் தியேட்டருக்குப் போனேன். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் தன் கட்சிக்காரர்களுக்கு முன்பக்கம் மொத்தத்தையும் வாங்கிக் கொடுத்திருந்தார். எதிர்க்கட்சிக்காரர்கள் சொந்தச் செலவில் பின்பக்கம். ரெண்டு பக்கமும் கொடிகள். மந்திரி போனை வைத்ததும் ஆரம்பித்தது சண்டை. அந்த மந்திரி உங்கள் ஆள்தான் என்று இவர்கள், இல்லை உங்கள் ஆள்தான் என்று அவர்கள். தெலுங்கில் பாதி, தமிழில் பாதி. படத்தில் துப்பாக்கிச் சத்தமே கேட்கவில்லை.

அப்புறம் நான் வந்தேன். கடிதத்தைக் கிழித்தேன். ரெண்டு பக்கமும் ஒன்று சேர்ந்துவிட்டது.

"சம்பெய்ரா வாண்ணி!" என்று முன்பக்கம் கத்தினார்கள். "கொல்லுடா அவனை!" என்று பின்பக்கம் கத்தினார்கள். என் பக்கத்து சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு அம்மா, "நாசமாப் போவான், மூஞ்சியைப் பாரு மூஞ்சியை" என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டினாள். நான் என்ன செய்ய? "ஆமாம்மா" என்று தலையாட்டினேன்.

நான் செத்தபோது தியேட்டரே எழுந்து நின்றது. விசில், கைதட்டல், கிழித்த பேப்பர் மழை. என் அலறலுக்கு மேல் யாரோ ஒருவரின் கரகரப்பான உறுமலைப் போட்டிருந்தார்கள். ஆனால் வாயை என்ன செய்ய முடியும்? திரை முழுக்க என் வாய், "இயேசப்பா" என்று திறந்து மூடியது.

சாதாரண ஜனங்களுக்கு அது தெரியாது. எங்கள் கோயில் பாடகர் குழுப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்குமா? முதல் ஓலை நல்லபடியாகப் போனது. செவ்வாய்க்கிழமைக்குள் அந்தத் துண்டை மட்டும் வெட்டி, மெதுவாக ஓடவிட்டு, சபை வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். "நம்ம கமிட்டி மெம்பர் மாசிலாமணி அங்கிள்" என்று கீழே எழுதி, சிரிக்கும் பொம்மை நாலு. அங்கிருந்து ஊருக்குப் போயிற்று. ஊரில் சிரிக்கும் பொம்மையை எடுத்துவிட்டார்கள்.

ஒற்றைச் செருப்பு

டீக்கடையில் "எனிமிக்கு டீ இல்ல" என்றார்கள். அது கேலி. சிரித்துவிட்டு வந்தேன். வியாழக்கிழமை ஒரு பைக்கில் ரெண்டு பேர் வந்து எங்கள் வாசலில் நின்று கோஷம் போட்டுவிட்டு, ஒரு செருப்பைக் கழற்றி உள்ளே எறிந்துவிட்டுப் போனார்கள். அது கேலி இல்லை. எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அதில் இன்னொரு பயமும் உண்டு. நீ எந்தப் பக்கம் என்று ஒருவன் கேட்க ஆரம்பித்துவிட்டால் பதில் சொல்லி மாளாது.

சுகிர்தம் செருப்பை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"இன்னாங்க இது?"

"செருப்பு."

"செருப்புன்னு எனக்குத் தெரியாதா? இன்னாத்துக்கு எறிஞ்சிட்டுப் போறாங்க? ஒத்தைச் செருப்பை வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

எப்சி சித்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்போதுதான் டியூட்டி முடிந்து வந்திருந்தாள். போனை அம்மாவிடம் நீட்டினாள். சுகிர்தம் பார்த்தாள். ஒரு தரம், ரெண்டு தரம், மூன்று தரம் என்னைச் சாகடித்துப் பார்த்தாள்.

சுகிர்தத்துக்குக் கோபம் வந்தால் நான் 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு இறங்கிவிடுவேன்.

"கண்ணு டெஸ்டுக்குப் போறேன்னு சொன்னியே. கண்ணு டாக்டர் துப்பாக்கி குடுத்தாரா ஒனக்கு?"

"இல்ல சுகிர்தம்..."

"லெந்துல சினிமாவுக்குப் போகாதீங்கன்னு ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன வாயி! சாவறதுதான் சாவற, கம்முனு செத்திருக்கக் கூடாதா? ஆண்டவரை எதுக்கு நடுவுல இழுத்த?"

எப்சி சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்கு முப்பது முடிந்துவிட்டது. ரெண்டு இடம் கிட்டே வந்து தட்டிப்போனது. ஒன்றில் நாங்கள் பின்வாங்கினோம், ஒன்றில் அவர்கள். மூன்றாவதாக வந்தவன் பிரபு. அவனும் பட்டாளம்தான், வடக்கே எல்லையில் மலைமேல் போஸ்டிங். அவனோடு போனில் பேச ஆரம்பித்த இந்த ஒரு வருஷமாகத்தான் என் மகள் சமைக்கும்போது பாட்டுப் பாடுகிறாள்.

"பிரபு ஒன்னும் சொல்லமாட்டாரு நைனா. அவங்க அப்பாதான். பட்டாளத்தைப் பத்தி யாரானா ஒரு வார்த்தை தப்பாப் பேசிட்டா, துன்னுக்கினு இருக்கற தட்டை வெச்சிட்டு எழுந்துடுவாராம்" என்றாள். அப்புறம், "நின்னுபோனா போவுது நைனா. நீ கஷ்டப்படாத" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் செருப்பு எறிந்தவன் மேல் இல்லை. ஒரு டீக்கடைப் பாராட்டுக்கு மயங்கி, பெற்ற பெண்ணின் கலியாணத்தில் வெடி வைத்த என் மேல்தான்.

ஒரு டிரங்குப் பெட்டி

இந்த இடத்தில் ஒரு பழைய சங்கதி ஞாபகம் வருகிறது. சொல்லிவிட்டுப் போகிறேன்.

எல்லையில் ஒரு சண்டை ஓய்ந்திருந்த சமயம். ரேணிகுண்டா ஸ்டேஷனில் இறங்கிய ஒரு சிப்பாய் திருப்பதிக்கு வந்து என் பஸ்ஸில் ஏறினான். கறுப்பு டிரங்குப் பெட்டி, வெள்ளை எழுத்தில் பெயர். பஸ் முழுக்க அவனுக்கு ராஜ உபசாரம். ஒருவர் சீட் கொடுத்தார், ஒருவர் கொய்யாப்பழம் கொடுத்தார். அப்புறம் கேள்விகள். எத்தனை பேரைச் சுட்டாய்? கிட்டத்தில் பார்த்தாயா? எப்படிச் செத்தான்? நானும்தான் கேட்டேன். டிக்கெட்டை மடித்துக் கொடுத்துக்கொண்டே கேட்டேன்.

கங்காதர நெல்லூருக்குப் போகிறவன் அவன். சித்தூரில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். பாதி வழியில், ஆள் அரவமே இல்லாத ஒரு ஸ்டாப்பில், "இங்கேயே எறங்கிக்கறேன்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டான். மீதி டிக்கெட் வீணாகிறதே என்றேன். பரவாயில்லை என்றான்.

அவன் தேவசகாயம் இல்லை. அவனாக இருந்திருந்தால் கதை இன்னும் நன்றாக இருந்திருக்கும். இல்லை. ஆனாலும் தியேட்டரில் எல்லோரும் எழுந்து நின்று கத்தியபோது எனக்கு அந்த டிரங்குப் பெட்டிதான் ஞாபகம் வந்தது.

மூன்று வரிசைக்கு முன்னால்

ரெண்டாவது ஓலை வாசித்த அன்று கோயிலில் ஒரே கிசுகிசுப்பு. யாரும் எழவில்லை. ஆனால் யாரோ சம்பந்திக்குப் போன் பண்ணிவிட்டார்கள் என்று காதுக்கு வந்தது.

நானே போய்க் காலில் விழுந்தாவது சொல்லிவிடலாம் என்று வியாழக்கிழமை ரேணிகுண்டாவுக்குப் பஸ் ஏறினேன். வீட்டில் சம்பந்தியம்மா மட்டும் இருந்தார். முகம் கொடுத்துத்தான் பேசினார், காப்பி கொடுத்தார். "அவரு இல்லீங்க. திருப்பதிக்குப் போயிக்கீறாரு. சினிமாவுக்கு" என்றார். "கலியாணமான நாள்லேருந்து சினிமாவுக்கே போனதில்ல. இன்னைக்கு இன்னா வந்துச்சோ, டிபன் கூட துன்னாம கெளம்பிட்டாரு."

காப்பி கசந்தது.

திருப்பதியில் அந்தத் தியேட்டரைக் கண்டுபிடித்து நான் உள்ளே நுழைந்தபோது பாதிப் படம் ஓடியிருந்தது. காலேஜ் பிள்ளைகள் ஒரு பக்கம், மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய பக்தர்கள் ஒரு பக்கம். சாமி கும்பிட்டுவிட்டு ரயிலுக்கு நேரம் இருக்கிறது என்று வந்தவர்கள்போல. எனக்கு மூன்று வரிசைக்கு முன்னால் ஒட்ட வெட்டிய நரைத்த பின்னந்தலை, நிமிர்ந்த முதுகு. சம்பந்திதான்.

நான் திரையைப் பார்க்கவே இல்லை. அந்த முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மந்திரி போனை வைத்தார், எல்லோரும் ஊளையிட்டார்கள், முதுகு அசையவில்லை. நான் கடிதத்தைக் கிழித்தேன். அப்போது அந்தத் தோள் ஒருமுறை இறுகியது.

நான் செத்தேன். தியேட்டர் எழுந்து நின்றது. மொட்டைத் தலைகளும் எழுந்தன, பிள்ளைகள் போன் லைட்டைப் போட்டு ஆட்டினார்கள், அத்தனை பேர் நின்றதில் சம்பந்தி எனக்கு மறைந்துபோனார். எக்கிப் பார்த்தேன். அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். கை ரெண்டும் முழங்கால்மேல். தட்டவில்லை. சற்று நேரத்தில் எழுந்து, படம் முடியுமுன்பே, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

என் சாவைக்கூட அவரால் ரசிக்க முடியவில்லை, அவ்வளவு கோபம் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். பின்னால் ஓடிப் போய்க் கையைப் பிடித்திருக்கலாம். தைரியம் வரவில்லை. முன்பு நான் கூவிக் கூவி ஆள் ஏற்றிய அதே பஸ்ஸில், கடைசி சீட்டில் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தேன். சுகிர்தத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. அதைவிடத் திட்டியிருக்கலாம்.

மூன்றாம் ஓலை

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை, சம்பந்தி எழுந்து நின்றார்.

ஐயர் பாட்டின் நம்பரைச் சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எப்சி தலையைக் குனிந்துகொண்டாள். முக்காட்டுக்குள் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை.

"ஆட்சேபணை இல்லீங்க ஐயரே" என்றார் சம்பந்தி.

அணிவகுப்பில் நிற்பவர் மாதிரி விறைப்பாக நின்றார். "நீங்க கேட்டீங்க. கேட்டா எழுந்து பதில் சொல்லணும். அதான் எழுந்தேன். ரெண்டு வார்த்தை பேசிக்கட்டுமா?"

ஐயர் தலையாட்டினார்.

"இந்த சபையிலேருந்து மூணு பேரு எனக்குப் போன் பண்ணாங்க. பேரு வாணாம். பொண்ணோட அப்பா சினிமால எதிரியா நடிச்சிக்கீறாரு, பட்டாளத்துக்காரன் வூட்டுக்கு இது அடுக்குமான்னு கேட்டாங்க. சரி, பாத்துட்டுப் பேசலாம்னு போயிப் பாத்தேன். கடுதாசியைக் கிழிச்சாரு. எனக்கும் கோபம் வந்துச்சு. நானும் கடுதாசிக்குக் காத்துக்கினு கெடந்தவன்தான். அப்பால செத்தாரு. தியேட்டரே எழுந்து கை தட்டுச்சு. நான் தட்டலை."

பெஞ்சின் முதுகைக் கையால் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி, ஒரு மேட்டுல நாங்க இருந்தோம். எதிர் மேட்டுல ஒருத்தன் அடிபட்டு வுழுந்தான். அவனை யாராலயும் போயித் தூக்க முடியலை. அவன் ஆளுங்களாலயும் முடியலை. காலையிலேருந்து மத்தியானம் வரைக்கும் கத்திக்கினே இருந்தான். அவன் பாஷை எனக்குத் தெரியாது. ஆனா அம்மாவைக் கூப்புடறான்னு தெரிஞ்சுது. எங்க பக்கம் இருந்தது எல்லாம் சின்ன வயசுப் பசங்க. சத்தம் நின்னப்ப ஒருத்தன் கூட கை தட்டலை. இதை நான் என் வூட்ல கூட சொன்னதில்ல."

ஐயர் கையிலிருந்த ஓலையை மேஜைமேல் வைத்தார்.

"சினிமால எதிரி திட்டிக்கினே சாவறான், இல்லன்னா சிரிச்சிக்கினே சாவறான். நான் பாத்தவன் அப்படி சாவலை. இவரு செத்தாரே, அப்படித்தான் செத்தான். இவரு வாயைப் பாத்தேன். இயேசப்பான்னு கூப்பிட்டாரு. அது நடிப்பில்ல, பயம். எனக்குத் தெரியும்."

அப்புறம் ஐயரைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"என் பையன் இப்ப அங்க மேல நின்னுக்கினு கீறான். தியேட்டர்ல இருந்த அத்தினி பேருக்காகவும் அவன் சண்டை போடணும். போடட்டும், அது அவன் வேலை. ஆனா அவன் உசுரோட திரும்பி வரணும்னு பயந்துக்கினு முட்டி போட்டு ஜெபம் பண்றதுக்கு அவனுக்கு ஒரு வூடு வேணும். எனக்கு அந்த வூடு கெடைச்சிட்டுது. அவ்ளோதான் ஐயரே. பாட்டு நம்பரைச் சொல்லுங்க."

உட்கார்ந்துவிட்டார்.

ஒருவரும் கை தட்டவில்லை. கோயிலில் தட்டும் வழக்கமும் எங்களுக்கு இல்லை. ஐயருக்குப் பாட்டு நம்பர் மறந்துபோயிற்று. பக்கத்தில் இருந்தவர் எடுத்துக் கொடுத்து, ஆர்கன் ஆரம்பித்து, எல்லோரும் எழுந்து பாடினார்கள். எப்சி முக்காட்டு முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பாடுவது தெரிந்தது. சமையற்கட்டில் பாடுகிற அதே குரல்.

ஆராதனை முடிந்ததும் கேட் ஓரமாக அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என்னவெல்லாமோ சொல்ல நினைத்து, "இனிமே நடிக்கவே மாட்டேன் சம்பந்தி" என்றுதான் வாயில் வந்தது.

"ஏன்? கூப்பிட்டா போங்க" என்றார். "ஆனா வூட்ல சொல்லிட்டுப் போங்க."

பக்கத்தில் நின்ற சுகிர்தம் சத்தமாகச் சிரித்தாள். பத்து நாளாக எங்கள் வீட்டில் யாரும் சிரித்திருக்கவில்லை.

மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஆட்டுக்கறிக் குழம்பு. இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்த பிறகு, வழக்கமாக நான்தான் ஜெபம் பண்ணுவேன். அன்றைக்கு சுகிர்தம் பண்ணினாள். ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம் சொன்னாள். எல்லையில் நிற்கிற எங்கள் பிள்ளை பிரபுவைக் காத்துக்கொள்ளும் என்றாள். அதோடு ஆமென் வரும் என்று நான் கண்ணைத் திறக்கப் போனேன்.

"அந்தாண்ட நிக்கற புள்ளைங்களுக்கும் அம்மா இருக்காங்க ஆண்டவரே. அவங்களையும் பாத்துக்கோ" என்றாள்.

ஆமென் என்று முதலில் சொன்னவர் சம்பந்திதான். வீடே அதிரும்படி சொன்னார். சொல்லிவிட்டு, கண்ணைக்கூடத் துடைக்காமல் சோற்றில் கை வைத்தார். நானும் வைத்தேன். அன்றைக்கு ரெண்டு தரம் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.